அட்டையில் ஓடிய குதிரை

அந்த அட்டையில் ஓடியது வெள்ளைக் குதிரையா சிவப்புக் குதிரையா என்று கேட்டால், இப்போது என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. வருஷமும் அப்படித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு என்று ஒரு மனம் சொல்கிறது, அதற்கு அடுத்தது என்று இன்னொரு மனம். அன்று திண்டிவனத்தில் கூடியிருந்தவர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எல்லோரும் சிரித்தோம் என்பதில் மட்டும் அவர்களுக்குள் வித்தியாசம் கிடையாது.

விருத்தாசலம் விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஷெட் குமாஸ்தா. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்க வாய் திறக்காமல் இருக்கக்கூடியவன். பட்டணத்திலிருந்து மாதம் ஒருமுறை ரயிலில் வந்து இறங்கும் ‘பொழுதுபோக்குக் களஞ்சியம்’ என்ற பத்திரிகைதான் அவனுக்கிருந்த ஒரே சினேகிதம்.

அதன் அட்டை ஒவ்வொன்றும் ஜமீன் வீட்டுக் கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கும். உள்ளே போனால் இலைகூடப் போட்டிருக்க மாட்டார்கள். ‘மூன்றே நாளில் மெஸ்மெரிசம்’ என்று அட்டையில் ஒருவன் புலியை உறங்க வைத்துக்கொண்டிருப்பான். உள்ளே, சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே உற்றுப் பார்க்கவும், மற்றவை பின்னர் என்று இருக்கும். ‘தேனீ வளர்த்துச் சீமானாகுங்கள்’ இதழில் தேனீயின் கால்களைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தார்கள். வேறு ஆளாக இருந்தால் பத்திரிகைக்காரனை ஏசிவிட்டு வாங்குவதை நிறுத்தியிருப்பான். விருத்தாசலம் தன்னையே ஏசிக்கொண்டான். அச்சில் வந்தது பொய்யாக இருக்காது, தன் கைதான் சரியில்லை என்பது அவன் தீர்மானம்.

‘வீட்டிலேயே வாசனைச் சோப்பு’ இதழைப் பார்த்து அவன் சோப்புக்கான காரத்தைக் காய்ச்சியபோது சட்டி சரிந்து மனைவி பாஞ்சாலியின் பாதத்தில் கொட்டியது. அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. தோல் வழன்று அவள் அலறிக்கொண்டிருக்க, அவன் பக்கத்தில் குந்தியபடி, மண்சட்டிக்குப் பதில் இரும்புச் சட்டி வைத்திருக்கவேண்டுமோ என்று யோசித்தான். அப்படி யோசித்ததை அவளும் பார்த்தாள்.

பிரசவத்துக்குத் திண்டிவனம் போனவளை அவள் அண்ணன் அப்பாதுரை திருப்பி அனுப்பவில்லை. அப்பாதுரைக்கு அங்கே மல்லாட்டை மண்டி, நிலக்கடலை வியாபாரம். நாலு பேர் இருக்கும் இடத்தில்தான் அவனுக்குப் பேச்சு வரும். அந்த நாலு பேரும் சிரிக்கவும் வேண்டும். குழந்தை பிறந்து தவழத் தொடங்கிய பிறகு மனைவியைக் கூப்பிடப் போன விருத்தாசலத்திடம், மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஆட்கள் காதுபடச் சொன்னான்: “மாப்ள, மொதல்ல நீங்க ஒரு காரியத்த உருப்படியா பண்ணிக் காட்டுங்க. அப்பால பொண்டாட்டி புள்ளயப் பத்திப் பேசிக்கலாம்.”

அவன் அடுத்த வண்டியில் விழுப்புரம் திரும்பினான். அடுத்த மாதம்தான் அந்த இதழ் வந்தது. ‘வீட்டிலேயே சினிமா!’ என்று அட்டை. கோட்டுப் போட்ட ஒருவன் ஒரு மரப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறான். எதிர்ச் சுவரில் ஒரு குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது. நாற்காலிகளில் அவன் குடும்பம். விருத்தாசலம் குதிரையைப் பார்க்கவில்லை. அந்த மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே இருந்தது ஒன்றரைப் பக்கம். பெட்டிக்குள் ஒரு படத்தை வைத்துப் பலமான வெளிச்சம் காட்டினால், முன்னால் பொருத்திய பூதக்கண்ணாடி வழியாக அது சுவரில் விழும். படம் ஓடுவதற்கான பாகத்தைச் செய்யும் முறை அடுத்த இதழில். அடுத்த இதழ் அட்டையில் ஒரு கிளி திருக்குறள் சொல்லிக்கொண்டிருந்தது. சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்குள் அவன் ஒரு காரியம் செய்திருந்தான். திண்டிவனம் போகிற போர்ட்டர் பூமாலையிடம் முதல் இதழைக் கொடுத்து, இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று பாஞ்சாலியிடம் சொல்லச் சொன்னான். பாஞ்சாலிக்குப் படிக்கத் தெரியாது. அவள் பார்த்த அச்சுப் படமெல்லாம் நாடக நோட்டீஸ்தான். நோட்டீஸில் யார் முகம் இருக்கிறதோ அவர்தானே மேடைக்கு வருவார்? அட்டையில் நின்றவனுக்கும் விருத்தாசலத்தைப் போலவே நடுவகிடு, அரும்புமீசை. அவள் அட்டையைக் கிழித்துச் சுவரில் ஒட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள்.

“எங்க வூட்டுக்காரரு. பட்டணத்துக்காரன் வந்து படம் புடிச்சிக்கினு போயிருக்கான். குதிரையெல்லாம் ஓடுதாம், பாத்தியா!”

அண்ணனுக்குப் படிக்கத் தெரியும். அவன் அட்டையையும் பார்த்தான், கீழே கிடந்த மிச்சப் பக்கங்களையும் எடுத்துப் போய்ப் படித்தான். தங்கையிடம் ஒன்றும் சொல்லவில்லை. பூமாலையிடம் மட்டும் சொல்லியனுப்பினான்: “ஆவணியில கொழந்தைக்குக் காது குத்தறோம். மாப்ள பொட்டியோட வரணும். அன்னிக்கு சாயங்காலம் செவுத்துல படம் ஓடிச்சின்னா, மறுநாள் காலைல என் தங்கச்சி வண்டியேறிடுவா. ஓடலன்னா அப்பறம் அந்தப் பேச்சே வாணாம்.”

விருத்தாசலம் பல நாள் தான் செய்த பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். படம் ஓடாது என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் ஒரு படம் தெளிவாக விழுந்தால் போதும், பாஞ்சாலி புரிந்துகொள்வாள் என்று நினைத்தான். பத்திரிகைப் படங்கள் மங்கலாக விழுந்தன. அவர்களுடைய கல்யாணப் போட்டோ ஒன்றுதான் ஓரளவு நன்றாக விழுந்தது. அதற்கு வேறு பிரதி கிடையாது. அவளுடைய முகம் பெரிதாகச் சுவரில் வந்தால் அவள் மனம் இளகும் என்றும் ஒரு கணக்கு. பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பாசஞ்சரில் ஏறினான். விக்கிரவாண்டி தாண்டும்வரை மடியை விட்டு அதை இறக்கவில்லை.

காலையில் மாமன் மடியில் குழந்தைக்குக் காது குத்தினார்கள். பகல் முழுவதும் பாஞ்சாலி அவனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். இலேசாகக் காலைச் சாய்த்து நடந்தாள். பொழுது சாய்ந்ததும் மண்டிச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டினார்கள். காதுகுத்துக்கு வந்தவர்கள் மட்டுமல்ல, தெருவே வந்திருந்தது. அப்பாதுரை வாசலில் நின்று ஒவ்வொருவரையும் உள்ளே அழைத்து உட்கார வைத்தான்.

“கோட்டு எங்க மாப்ள? கோட்டு போடாம வந்துட்டீங்களே!”

விருத்தாசலம் வாடகைக்கு எடுத்த பெட்ரோமாக்ஸைப் பெட்டிக்குள் இறக்கினான். வேட்டியில் மஞ்சளாக ஒரு கறை விழுந்தது.

“இது இன்னாடா, வேட்டியில கொழந்த மூத்திரம் வுட்ட மாதிரி!” என்றான் ஒருவன்.

பெட்டியைச் சுவரை நோக்கி நகர்த்தினான். இப்போது இரண்டு உருவங்கள் தெரிந்தன. படத்தைத் தலைகீழாக வைத்தால்தான் சுவரில் நேராக விழும், பதற்றத்தில் அப்படித் திருப்பி வைக்க மறந்திருந்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு தலைகீழாகத் தொங்கினார்கள்.

“அய்யய்யோ, மாப்ள வவ்வாலு மாதிரி தொங்கறாரு!”

“பொண்ணும்ல தொங்குது! காது குத்தவே வாணாம், தோடு தானா மேல ஏறிக்கும்!”

அவன் படத்தைத் திருப்பி வைத்தான். உள்ளங்கை அகலத்துக்குப் பாஞ்சாலியின் முகம் நேராக வந்தது. கூட்டத்தில் ஒரு கணம் சத்தம் நின்றது. பெண்கள் வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல், “ஐ, நானு!” என்றது. அது பாஞ்சாலியின் குரல்.

அத்தோடு அவன் நிறுத்தியிருக்கலாம்.

“குதிரை எப்ப வரும் மாப்ள?” என்றான் அப்பாதுரை. “நிக்கற படம் எங்க வூட்லயே மாட்டிக்கீது.”

இன்னும் வெளிச்சம் வேண்டும் என்று விருத்தாசலத்துக்குத் தோன்றியது. அவனுக்கு எப்போதும் அப்படித்தான், கையில் இருப்பது போதாமல் தோன்றும். விளக்கை நன்றாகப் பம்ப் அடித்துப் படத்தை ஒட்டித் தள்ளினான். வேட்டியில் முகங்கள் பளிச்சென்று எழுந்தன. பிறகு அசைந்தன. பாஞ்சாலியின் கன்னம் மெல்ல உப்பியது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

“ஓடுது! படம் ஓடுதுடோய்!”

சீட்டி பறந்தது. கைதட்டினார்கள். அவனும் ஒரு நொடி அதை நம்பினான். உடனே வேட்டியில் அவள் நெற்றி பழுப்பாகி, கறுத்து, கண்ணிலிருந்து வாய்வரை ஓட்டை விழுந்தது. பெட்டிக்குள் சுடர் பிடித்துக்கொண்டது. தீயும் வாசனை வந்தபோதுதான் சிரிப்பு அடங்கியது. மாமியார் லட்சுமியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். “காது குத்தன அன்னிக்கே எம் பொண்ணு மூஞ்சியக் கொளுத்திட்டானே பாவி!”

அவன் வெறுங்கையால் படத்தை வெளியே இழுத்தான். அவனுடைய பாதி மட்டும் மிஞ்சியிருந்தது.

அப்பாதுரை நடுவில் வந்து நின்றான். கோபமே இல்லை. விருந்து வைத்தவனின் திருப்தி அவன் முகத்தில் இருந்தது.

“கடைசி வரிய நானும் படிச்சேன் மாப்ள. ஓடற பாகம் அடுத்த மாசம்னு போட்டுக்கீது. அடுத்த மாச பொஸ்தகத்தயும் வாங்கிப் பாத்தேன். கிளி தான் கீது.”

“தெரிஞ்சுமா கூப்ட்டீங்க, மச்சான்?”

“நீங்க தெரிஞ்சிதான வந்தீங்க?” கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். “ஆனா ஊருக்கு முன்னாடி குடுத்த வாக்கு வாக்குதான். படம் ஓடிச்சா இல்லியா? எல்லாரும் பாத்தீங்க இல்ல? ஓடிச்சு! நான் ஒத்துக்கறேன். பாஞ்சாலி, கெளம்பும்மா. மூட்டய கட்டு.”

மறுபடியும் சிரித்தார்கள். பாஞ்சாலி எழுந்து நின்றாள். இத்தனை நாள் யாரையெல்லாம் கூப்பிட்டு அட்டையைக் காட்டினாளோ அந்தப் பெண்கள் அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் வெந்துபோன விரல்களை ஊதிக்கொண்டே பெட்டியின் உட்பக்கத்தை எட்டிப் பார்த்தான். எங்கே தவறியது என்று பார்க்கிற அதே பார்வை. அவளுக்கு அந்தப் பார்வை தெரியும்.

“அட்டையில நிக்கறானே, அவன் வந்து கூப்டட்டும். போறேன்” என்றாள்.

அன்றைக்கு விழுந்த சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். அப்பாதுரைகூட அந்த அளவுக்கு எதிர்பார்த்திருக்கவில்லை என்கிறார்கள். பாஞ்சாலி சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விருத்தாசலம் அதற்குப் பிறகு திண்டிவனம் வந்ததில்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. நாற்பத்து மூன்றாம் வருஷம் விழுப்புரத்திலேயே காலராவில் செத்தான். பாஞ்சாலி அண்ணன் மண்டியில் மல்லாட்டை உடைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். லட்சுமியம்மாள் இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அப்பாதுரை எண்ணெய்ச் செக்கும் போட்டு நன்றாக இருந்தான். பந்தியில் அந்தக் கதையை அவனே சொல்வான். காது குத்திய பிள்ளை மாமனிடமே வளர்ந்து மண்டியைப் பார்த்துக்கொண்டான். பத்திரிகை, சண்டையில் காகிதம் கிடைக்காமல் நின்றுபோயிற்று.