சம்பந்தி கொண்டுவந்த ஹாப்ஸ்

பையின் வாயைப் பிரித்ததுமே டாரிங்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பழைய சீஸ் நாற்றம். அதுவும் யாரோ ஈர சாக்ஸுக்குள் வைத்து மறந்துபோன சீஸ்.

எதிரே சம்பந்தி விங்கோ தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். சவின்யா ஆற்றோரம், பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற ஹாப்ஸ் பூ விளையும் ஆறு ஏக்கர் தோட்டம் அவருக்கு. அவர் மகன் காஷ்பருக்கும் இவள் மகள் நேஜாவுக்கும் ஐந்து வாரத்தில் கல்யாணம். விருந்துக்கு பீர் காய்ச்சுவது பெண்ணின் அம்மா, ஹாப்ஸ் கொடுப்பது மாப்பிள்ளையின் அப்பா என்று அவரே பேசி முடித்துவிட்டார். கராஜில் அண்டா நிறைய, முளைகட்டிய பார்லியில் எடுத்த மால்ட் சாறு கொதிக்கத் தொடங்கியிருந்தது. இன்றைக்குக் காய்ச்சினால்தான் கல்யாணத்துக்குத் தேறும்.

"எங்க வச்சிருந்தீங்க சம்பந்தி?"

"பரண்லதான். தகரக் கூரைக்கு அடியில, நல்லாக் காய்ஞ்ச இடம். ஏன்?"

ஏனாம். ஹாப்ஸ் விளைவிக்கிறவர்கள் அதைச் சேமித்ததே கிடையாது. பறித்து, உலர்த்தி, மூட்டை கட்டினால் வாரத்துக்குள் லாரி ஏறிவிடும். காற்றும் சூடும் அதை என்ன பாடு படுத்தும் என்று, கால் கிலோவைக் காற்றில்லாத பையில் கட்டி உறைபெட்டியில் பூட்டி வைக்கிற டாரிங்கா மாதிரி வீட்டு பீர்க்காரர்களுக்குத்தான் தெரியும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் இந்த மாட்டை அவிழ்த்துவிட்டால் நூற்றிருபது பேர் முகம் சுளிப்பார்கள். வேண்டாம் என்றால் சம்பந்தி முகம் சுளிப்பார், அந்த முகத்தோடு நேஜா ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் கசக்கினாள். நிறம் அவ்வளவு மோசமில்லை, அதுதான் ஏமாற்றுகிறது. நடுவில் பொன்மஞ்சளாக இருக்க வேண்டிய தூள் காவி நிறத்துக்குப் போயிருந்தது.

"கோல்டிங் ரகம்தானே?"

"பின்ன? மோந்து பாருங்க, எப்படித் தூக்குது!" விங்கோவும் ஒன்றைக் கசக்கி, கண்ணை மூடி இழுத்தார். "தேன் மாதிரி."

டாரிங்காவுக்குக் கை அப்படியே நின்றது. தோட்டக்காரருக்கா இது தெரியாது? அவள் உறைபெட்டியைத் திறந்து, ஒரு பொட்டலத்தை வெட்டி, இரண்டு பூக்களை அவர் கையில் வைத்தாள். கராஜ் முழுக்க வாசனை பரவியது.

"இது எப்படி?"

அவர் முகர்ந்தார். "இதுவும் அதேதான்," என்றார்.

அண்டா தளபுளவென்று கொதித்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைத் தலையில் வைத்தார், மறுபடி எடுத்தார்.

"எத்தனை நாளா சம்பந்தி?"

"பனிக்காலத்துல காய்ச்சல் வந்துச்சில்ல, அதோட போச்சு. காப்பி, சாணி எல்லாம் ஒண்ணுதான். ஆகஸ்டுல எந்த நாள் பறிக்கறதுன்னு எங்க வீட்ல மூக்குதான் சொல்லும். இத்தனை வருஷமா என் மூக்கு. காஷ்பர்கிட்ட சொல்லிடாதீங்க. அவனுக்கு டிராக்டர்தான் தெரியும்."

அவளுக்கு அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் வடிந்துபோய்ப் பாவமாக இருந்தது.

"உங்க பை கெட்டுப்போச்சு," என்றாள். "இந்தப் பொட்டலமும் உங்க தோட்டத்துப் பூதான். போன அறுவடைக்கு நேஜா அங்க வந்தப்ப, உலர்த்தினதுல கொஞ்சம் கொண்டுவந்தா. அன்னைக்கே கட்டி உறைய வச்சேன். இதைப் போட்டாலும் உங்க ஹாப்ஸ்தான்."

"அந்தப் பொண்ணா? ஒரு வரிசையிலயும் நேரா பறிக்கல. ஒவ்வொரு கொடியா நின்னு மோந்துட்டே போனா. கிண்டல் பண்ணினேன்."

"சின்னதுலேர்ந்து இந்த அண்டா பக்கத்துலதான் வளந்தா, வாசனை தப்பாது அவளுக்கு. இனிமே உங்க வீட்லதான் இருக்கப் போறா."

அவர் தன் பையின் வாயைச் சுருட்டிக் கட்டி, கதவோரம் வைத்தார். டாரிங்கா பச்சைப் பூக்களை அள்ளி அண்டாவில் கொட்டினாள். நுரை பொங்கி அடங்கியது. விங்கோ வந்து ஆவிக்கு மேல் குனிந்தார். மூக்குக்கண்ணாடி முழுக்க வெளுத்துவிட்டது, அவர் துடைக்கவில்லை.

"என்ன வருது?"

"எலுமிச்சைத் தோல்," என்றாள் அவள். "அப்புறம் அறுத்த புல்லு. கொஞ்சம் மிளகு."

"அப்புறம்?" என்றார் அவர், இன்னும் கொஞ்சம் குனிந்து.