இறங்கும் கை

"அசையாதம்மா, புள்ளி கோடா போயிடும்."

அவள் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தான் கணவன். இரண்டு தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனையிலும் ஒவ்வொன்று. அவள் கண்ணாடி முன் நின்று கைகளை மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கினாள், மெதுவாக இறக்கினாள்.

"எப்படி?"

"சூப்பர். ரெண்டு புள்ளியும் ஜோடியா போகுது."

அவளுக்கு மூச்சு வந்தது. பார்லரில் மேல் தட்டிலிருந்து ஷாம்பு டப்பாவை எடுக்கப் போனபோதுதான் வலது தோள் இரண்டாம் தடவையாகக் கழன்றது. வாடிக்கையாளர் தலையில் நுரை, இவள் தரையில். அன்றிலிருந்து சீப்பைக்கூட இடது கையால்தான் எடுத்தாள். பார்லர் அக்கா காலையில் போன் செய்திருந்தாள்.

"திங்கக்கிழமை வர்றியா, இல்ல வேற பொண்ணப் பாக்கட்டா? நாற்காலி சும்மா கிடக்குடி."

"வந்துடறேன்க்கா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு உள்ளங்கை வேர்த்தது.

சாயங்காலம் பிசியோதெரபி அறையில், கணவன் பக்கத்தில் நிற்க, பயிற்சி தரும் பெண்மணி அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி, வலது கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, பின்னால் போய் நின்றாள். கை ஏறியது. "நல்லாருக்கு" என்றாள். கை இறங்கியது.

"இன்னொரு தடவை இறக்குங்க."

இறக்கினாள்.

"பாதியில தோள்பட்டை எலும்பு விலா மேல ஒட்டாம ரெக்கை மாதிரி வெளிய துருத்துதும்மா. தாங்குறதுக்கு அது இல்லன்னா மூட்டு தனியா நழுவும். சார், வீட்ல இத நீங்க பாக்கலையா?"

கணவன் செருப்பில்லாத தன் கால்களைப் பார்த்தான்.

"ஏறும்போது பாப்பேங்க. இறங்கும்போது..." குனிந்தபடியே சொன்னான். "கண்ணாடில இவ மூஞ்சியப் பாப்பேன். வலிக்குதோன்னு."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை நாள் அவன் 'சூப்பர்' சொல்லித்தானே அவள் நிம்மதியாகத் தூங்கினாள்! ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன், நாள் முழுக்கக் கண்ணாடியில் பின்னால் பார்க்கிறவன்.

"வேன்ல ரிவர்ஸ் எடுக்கிறப்பயும் என் மூஞ்சியத்தான் பாப்பீங்களா?"

பிசியோ பெண்மணி சிரிப்பை இருமலாக்கினாள். "இறங்குறப்பதாம்மா குறை தெரியும். அது சரியாகாம டிரையரைத் தூக்கிப் பிடிச்சு நாள் முழுக்க நின்னா, மறுபடி கழலும். ஆனா கட்டுப்பாடு வருதான்னு இப்பவே ஒரு தரம் பாத்துடலாம். சார், உள்ளங்கைய அந்த எலும்பு மேல வைங்க. அழுத்தாதீங்க. துருத்துச்சுன்னா சொல்லுங்க, அவ்வளவுதான்."

திங்கட்கிழமைக்கு முன் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. பார்லர் நாற்காலிக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் சீப்போடு நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. அவன் உள்ளங்கை சில்லென்று முதுகில் படிந்தது. அவனுக்கும் வேர்த்திருந்தது.

"மூஞ்சியப் பாக்காதீங்க."

"பாக்கல."

கை மேலே போனது. எலும்பு அவன் கைக்கடியில் வழுக்கிக்கொண்டு கூடவே வந்தது. உச்சியில் ஒரு கணம் நின்றாள். தோளுக்குள் ஏதோ யோசிப்பது போலிருந்தது. பிறகு இறக்கத் தொடங்கினாள். காதைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, தோள் மட்டத்துக்கு வந்தது பாட்டில். உள்ளே தண்ணீர் நடுங்கியது.

"சொல்லுங்க" என்றாள்.

கண்ணாடியில் அவன் கண்களை இறுக மூடியிருந்தான். எலும்பு உள்ளங்கையை வெளியே தள்ள, அவள் முதுகில் ஐந்து விரல்களும் மெல்ல விரிந்தன.