காயாத கிண்ணங்கள்

நான் நேர்காணலுக்குப் போயிருந்த பகலில் அத்தான் என் கிண்ணங்களைக் கொன்றுவிட்டார்.

அந்த நேர்காணலே அப்பாவின் பிடிவாதம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. “டிகிரி வாங்கினது மரத்தூள்ல குளிக்கவா?” என்று தினமும் கேட்பார். கடைசல் பட்டறை அவருடையது. பெரிய லேத்தில் அவர் கட்டில்கால் கடைவார், சின்னதில் நான். அக்காவைக் கட்டிய அத்தானுக்குப் பாலிஷ் போடுவதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் வேலை. இரண்டிலும் ஒரே பளபளப்பு. சின்ன லேத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே கண்.

“ஓட்டல் ஆர்டரை ஒழுங்கா முடி. லேத் உன்னுது. இல்லன்னா மாப்பிள்ளைக்கு,” என்று அப்பா சொல்லியிருந்தார்.

அது எனக்கென்றே வந்த ஆர்டர். ஓட்டல் திறக்கப்போகும் அம்மா ஒருவர் என் பலாமரக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தார். அவருக்கு மாமரத்தில், கறுப்பு வரி ஓடும் கிண்ணங்கள் வேண்டும்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம். ஈட்டி மரத்துக்குத் திமிர் அதிகம். உளியின் கூரைத் தின்னும், தூள் மூக்கில் ஏறினால் தும்மித் தீராது, ஆனால் கடைந்த வடிவில் அப்படியே நிற்கும். கருங்காலி சூடு பட்டால் விரிசல் விடும். மா வெண்ணெயாக வரும். ஆனால் ஈரம் போகும்வரை நெளிந்துகொண்டே இருக்கும். அதனால் பச்சை மாமரத்தை இரண்டு முறை கடைய வேண்டும். முதலில் தடிமனாகக் கடைந்து, உளி சீவித் தள்ளிய சுருளோடே காகிதப் பையில் போட்டு ஆறவிடுவேன். அவ்வப்போது எடை பார்ப்பேன். எடை இறங்குவது நின்றால்தான் காய்ந்ததாக அர்த்தம். அதற்குள் கிண்ணம் கோணியிருக்கும். தடிமன் இருப்பதால் மறுபடி கடைந்து வட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

என் கிண்ணங்களின் எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அவை வழவழவென்று மெல்லிசாக, வார்னிஷ் பூசிக்கொண்டு மேசைமேல் உட்கார்ந்திருந்தன.

“யாரைக் கேட்டுத் தொட்டீங்க?”

“படிச்சவங்க தேங்க்ஸ்னு ஆரம்பிப்பாங்கன்னு நெனச்சேன்,” என்றார் அத்தான். “பையில கட்டிப் பூசணம் புடிக்க விட்டிருந்த. அந்தம்மா போன் பண்ணாங்க. இன்னிக்கே வாங்கிக்கச் சொல்லிட்டேன்.”

“இன்னும் காயல.”

“வெயில்ல வெச்சு எடுத்துட்டுத்தான கடைஞ்சேன்.”

“வெயில்லயா? துவைச்ச துணியா அது?”

அப்பா ஒரு கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான இருக்கு? எதுக்கு இந்தக் குதி குதிக்கிற?”

அக்கா வாசற்படியில் நின்றபடி, “விடுடி. வாங்கிட்டுப் போனப்புறம் கோணினா நமக்கென்ன?” என்றாள். புருஷனுக்கேற்ற பெண்டாட்டி.

ஓட்டல்கார அம்மா வந்தார். “நல்லா வைரம் பாஞ்ச மரம்மா, கல்லு மாதிரி,” என்றார் அத்தான். கடைந்தெடுத்த பொய். அப்பா கண்ணாலேயே என் வாயைப் பூட்டப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் லேத் எனக்கு. எனக்கும் அது தெரியும்.

ஒரு கிண்ணத்தை மேசைமேல் கவிழ்த்து, விளிம்பில் விரலை வைத்து அழுத்தினேன். டக். விட்டேன். டக்.

“என்ன, ஆடுது?” என்றார் அந்த அம்மா.

“ஈர மரம்மா. கடைஞ்சப்ப வட்டமா இருந்திருக்கும். இன்னும் கோணும், அப்புறம் விரிசல் விடும்.”

“சரி, நேராக்கிக் குடு.”

“நேராக்க இதுல சதையே இல்ல. மொதல்லேருந்து கடையணும். காயறதுக்கு மாசக்கணக்காகும்.”

அவர் என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்கு அவ்வளவு காலம் இல்லம்மா. பீங்கானே வாங்கிக்கிறேன்.” திட்டக்கூட இல்லை. போய்விட்டார்.

“ஒன் வாயாலயே கெடுத்தியா?” அப்பா கத்தினார். “லேத் இனிமே மாப்பிள்ளைக்குத்தான்.”

“கெடுத்தவருக்கே பரிசாப்பா?”

“அவரு குடும்பத்துக்காகப் பண்ணாரு.”

“நான் பக்கத்து வீட்டுக்காகவா பண்ணேன்?”

அத்தான் சிரித்தார். வாடிக்கையாளருக்காகப் போட்ட வெள்ளைச் சட்டையில், சின்ன லேத்தின்மேல் கையை ஊன்றி, இப்போதே முதலாளியாக நின்றார்.

நான் கொல்லைக்குப் போய், மீந்திருந்த மாங்கட்டையைத் தூக்கிவந்தேன். அவர் கையைத் தட்டிவிட்டுக் கட்டையை லேத்தில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டு உளியைப் பதித்ததும் சுருள் நாடாவாகக் கிளம்பியது. கூடவே சாறு. வெள்ளைச் சட்டையின் குறுக்கே பொட்டுப் பொட்டாக ஒரு கோடு. அத்தான் பின்னால் துள்ளினார்.

“ஏன் ஒதுங்கறீங்க? கல்லு மாதிரி காஞ்ச மரந்தான அத்தான்?”

அப்பா மெயின் சுவிட்சை அணைத்தார். லேத் சட்டென்று நின்றுவிடாது. இரைச்சல் தணிந்து தணிந்து கட்டை ஓயும்வரை நான் உளியை எடுக்கவில்லை.

“லேத்தை விடு,” என்றார்.

“மாட்டேன்.”

“நான் சொல்றேன்.”

“சொல்லுங்க. மாட்டேன்.”

அவர் சுவிட்சுப் பெட்டிமேல் வைத்த கையை எடுக்கவில்லை. நான் போய் அந்தக் கையை நகர்த்திவிட்டு, சுவிட்சை மேலே தள்ளினேன்.