சகலை தைத்த ஆல்ப முதுகுகள்

“என் ஆல்பத்தோட முதுகைப் பாத்தே நடுவர் சொக்கிப் போயிருவாரு. உள்ள ஸ்டாம்ப் இருக்குங்கற நெனப்பே அவருக்கு வராது. ஒண்ணைக்கூடத் தொறக்காம மார்க்கைப் போட்டுட்டுப் போவாரு, வேணும்னா பாருங்க!”

மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தையல்காரர் இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டதும், எதிரே உட்கார்ந்திருந்த போஸ்ட்மாஸ்டருக்குப் புரை ஏறியது. அவர் இருமிய இருமலில் தண்ணீர் ஜாடி ஓரடி நகர்ந்தது என்று அவர் மனைவியே இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

இருவரும் சகலைகள். அக்காளைக் கட்டியவர் போஸ்ட்மாஸ்டர், தங்கையைக் கட்டியவர் தையல்காரர். இருவருமே வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்கள். பால் பல் முளைத்த நாளிலிருந்தே போஸ்ட்மாஸ்டர் தபால்தலை சேர்க்கிறவர். ஊர்த் தபால்தலைச் சங்கத்துக் கண்காட்சியின் கோப்பை வருஷா வருஷம் சலவைத் துணி மாதிரி தானாகவே அவர் வீட்டுக்கு வந்து சேரும். தையல்காரரோ கடையை மூடிய பிறகு கை நமநமக்கிறதே என்று போன வருஷம்தான் சேர்க்க ஆரம்பித்தார். எல்லாம் பழைய உறைகளிலிருந்து கிழித்தெடுத்த சில்லறைச் சரக்கு.

“சகலை, நடுவர் யாருன்னு தெரியுமா? பூதக்கண்ணாடி! ஸ்டாம்ப் ஓரத்துப் பல்லை எண்ணி, ஒரு பல் கொறஞ்சா அந்த நாட்டு அரசாங்கத்தையே திட்டுற மனுஷன். அவரு தொறக்கமாட்டாராம்ல!”

“பந்தயம் வெச்சுக்கலாமாண்ணே? ஒரே ஒரு ஆல்பத்தைத் தொறந்துட்டார்னாலும் இந்த வீட்ல இனிமே நான் ஸ்டாம்புங்கற பேச்சையே எடுக்கமாட்டேன். தொறக்கலேன்னா, உங்க ஆல்பம் அத்தனைக்கும் நான்தான் முதுகு தெச்சுக் குடுப்பேன்.”

போஸ்ட்மாஸ்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. அவர் ஆல்பங்கள் எல்லாம் ஒரே நீலம். ஒவ்வொன்றின் முதுகிலும் தட்டச்சில் அடித்த வெள்ளைச் சீட்டு: ‘ஆல்பம் 1: அ முதல் ஈ வரை’. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அதே வரிசை, அதே அளவு. அவற்றில் தூசி தட்டக்கூட அவர் மனைவியை விட்டதில்லை. அவற்றின் முதுகில் இந்த ஆளின் கத்தரிக்கோலா!

“என்ன அத்தான், யோசிக்கிறீங்க? பயமா?” என்று கொழுந்தியாள் கிள்ளிவிட்டாள்.

“எனக்கா? பயமா?” என்று கத்திவிட்டு ஒப்புக்கொண்டார். வீட்டில் மற்ற எல்லோரும் தையல்காரர் பக்கம். நம்பாதவர் அவர் ஒருவர்தான்.

கண்காட்சியன்று இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. தையல்காரர் தன் ஆல்பங்களை நிறுத்தி வைத்தார். அவ்வளவுதான், கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்ததில் கட்டடமே ஒரு பக்கமாகச் சரிந்தது போல இருந்தது.

அத்தனை முதுகிலும் துணி. ராஜா ராணி தபால்தலைகள் இருந்த ஆல்பத்துக்குத் தோளில் சரிகைப் பட்டை வைத்துத் தைத்திருந்தார். குளிர்நாட்டு ஆல்பம் ஸ்வெட்டர் கையை மாட்டிக்கொண்டு நின்றது. பறவைகளுக்குச் சட்டைக் காலரை மடித்து ஓர் அலகு. கப்பல்களுக்குப் பளபளவென்று நீல லைனிங் துணி. மின்விசிறிக் காற்றில் அது அலையடித்ததைப் பார்த்து முன்வரிசையில் ஒருவருக்குக் குமட்டலே வந்துவிட்டது. ஒன்றுக்கு இரண்டாக இருந்தவற்றை வைத்த ஆல்பத்தில் அச்சாக ஒரே மாதிரி இரண்டு பொத்தான்கள். கிழிந்தவற்றுக்கு ஒரு ஒட்டு. தப்பாக அச்சானவற்றுக்குத் தலைகீழாகத் தைத்த சட்டைப்பை.

போஸ்ட்மாஸ்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடினார். இரண்டு பக்கம் புரட்டினால் போதும், உள்ளே கோணல்மாணலாக ஒட்டியிருப்பது தெரிந்துவிடும். எடுக்கலாம் என்று கையை நீட்டியபோதுதான் கடைசி ஆல்பம் கண்ணில் பட்டது. இன்றைக்கு உலகப் படத்திலேயே இல்லாமல் போன நாடுகளின் ஆல்பம் அது. அதன் முதுகில் ஒரு பொத்தான் துளை மட்டும் இருந்தது. நூல் நூலாக அழகாகக் காஜா எடுத்த துளை. பொத்தான் இல்லை.

போஸ்ட்மாஸ்டரின் வயிறு பற்றி எரிந்தது. அந்தச் சூட்டில் ஓர் அண்டா தண்ணீர் கொதித்திருக்கும். அதே நாடுகள் அவரிடமும் இருந்தன, இதைவிட நூறு மடங்கு நல்ல தபால்தலைகளாக. ‘ஆல்பம் 7: மற்றவை’ என்று எழுதி வைத்திருந்தார். ‘எனக்கு ஏன்டா இது தோணல?’ என்று மனசுக்குள்ளேயே தன்னைத் தானே அறைந்துகொண்டார்.

நடுவர் வருகிற நேரம் பார்த்து, சங்கச் செயலாளர் இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். நாற்காலியிலிருந்து எழுந்தபோது கால்சட்டை தையல் விட்டுவிட்டதாம். தையல்காரர் ஊசியும் நூலுமாக அவரைப் பின்னறைக்கு அழைத்துக்கொண்டு போனார். நடுவர் பார்க்கும்போது போட்டியாளர் மட்டுமே இருக்கலாம் என்று கூட்டத்தையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த வரிசையில் சாட்சிக்கு மிஞ்சியவர் போஸ்ட்மாஸ்டர் மட்டும்.

பூதக்கண்ணாடி முதலில் நீல ஆல்பங்களைத் திறந்தார். பல் பல்லாக எண்ணினார். “குறை ஒண்ணுமில்லை” என்றார், பருப்பில் உப்பு சரியாக இருக்கிறது என்பது போல. பிறகு அடுத்த மேசைக்குப் போனார்.

சரிகையைத் தடவினார். ஸ்வெட்டர் கைக்குள் விரலை விட்டுச் சிரித்தார். பொத்தான் துளைக்கு முன்னால் வந்ததும் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார். அப்புறம் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஒன்றைக்கூடத் திறக்கவில்லை!

போஸ்ட்மாஸ்டர் நின்ற இடத்திலேயே ஒரு துள்ளுத் துள்ளினார். ‘சார், உள்ளே பாக்கலியே’ என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். பந்தயம் அவருக்கு, நீல முதுகுகள் பிழைக்கும், சகலையின் வாய் ஆயுசுக்கும் அடைபடும்.

“சார்!”

நடுவர் திரும்பினார்.

“அந்தப் பாக்கெட்டை விட்டுட்டீங்களே சார்! தலைகீழா தெச்சிருக்காரு பாருங்க. அச்சுப் பிழை ஸ்டாம்புக்கு!”

யார் நாக்கு அது என்று போஸ்ட்மாஸ்டருக்கே விளங்கவில்லை. பூதக்கண்ணாடி திரும்பி வந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கூரை ஓடு நாலு இடம் மாறியிருக்கும். “அட! ஆமா!” என்று போஸ்ட்மாஸ்டர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

கதவு திறந்தது. தையல்காரர் வாயில் நூலோடு ஓடி வந்தார், பின்னாலேயே அக்காளும் தங்கையும்.

“என்னண்ணே ஆச்சு? தொறந்தாரா?”

‘எல்லாத்தையும் தொறந்தாரு, கொட்டாவி விட்டாரு’ என்ற பொய் போஸ்ட்மாஸ்டரின் நாக்கு நுனியில் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றது. மறுக்க ஆளில்லை.

“ஏங்க, கேக்குறாருல்ல?” என்றாள் மனைவி. “பக்கத்துலயேதானே நின்னீங்க? தொறந்தாரா இல்லியா?”

போஸ்ட்மாஸ்டர் தன் நீல ஆல்பங்களைப் பார்த்தார். சகலையின் மேசையையும் பார்த்தார். பெருமூச்சு விட்டதில் ராஜா ராணியின் சரிகை ஆடியது.

“தொறக்கல.”

“நெஜமாவா அத்தான்?”

“நெஜந்தாம்மா. ஒண்ணையும் தொறக்கல, என் ரெண்டு கண்ணால பாத்தேன். அவரை விடு. குத்தம் கண்டுபிடிக்கணும்னு காலைலேருந்து இங்கயே நிக்கிறேனே, நானே இன்னும் ஒண்ணையும் தொறக்கல!”