நூலின் மறுமுனை

கோழி கூவும் முன்பே தணிகைவேல் வேனுக்கு அடியில் படுத்திருந்தான். முதுகுக்குக் கீழே கோணி, கோணிக்குக் கீழே பனியில் நனைந்த மண். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரைக்கும் கொத்தனார் நூலை இழுத்துக் கட்டியிருந்தான். டயரின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் நூல் ஒரேபோலத் தொட்டால் சக்கரம் நேர். தொடாவிட்டால் அடியில் நுழைந்து, துருப்பிடித்த நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைத் திருப்பும் ராடைத் திருகி, வெளியே வந்து பார்த்து, மறுபடி நுழைய வேண்டும். கடையில் இரண்டு பேரும் ஒரு மெஷினும் அரைமணியில் முடிக்கிற வேலை. இங்கே இவன் ஒண்டி ஆள். நூலின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் ஒரு செங்கல்லில் சுற்றி வைத்திருந்தான். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பெயர்ந்தபோது அவன் கத்தியதைக் கேட்கவும் அந்தச் செங்கல்தான் இருந்தது.

மனைவி அமிர்தம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இது மூன்றாவது வருஷம். ஏம்பலத்து வீட்டில் அவனும் ஓனரின் வேனும்தான்.

ஓனர் மணிவண்ணனுக்கு எட்டு வேன். பாகூர், ஏம்பலம் பக்கத்துப் பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டுபோய் சேதராப்பட்டில் ஒரு கம்பெனி வாசலில் இறக்குவது காண்ட்ராக்ட். உட்கார இடம் பன்னிரண்டு பேருக்கு. ஏறுவதோ இருபத்திரண்டு பேர். போன வருஷம்வரை வில்லியனூரில் ஒரு கடையில்தான் சக்கர அலைன்மென்ட் பார்த்தார்கள். "நூல் கட்டிப் பாத்தா போதாதா? எங்கப்பா டிராக்டருக்கு எந்த மெஷின வெச்சுப் பாத்தாரு? வூட்லயே பாத்துக்கடா" என்று ஓனர் அதை நிறுத்திவிட்டார். தணிகைவேலும் "சரி ஓனர்" என்றான்.

பதினைந்து நாள் முன்பு, ஏரிக்கரை வளைவில், உள்பக்கம் தேய்ந்திருந்த முன்டயர் வெடித்து, வேன் கரும்புக் கொல்லைக்குள் இறங்கியது. வேனில் வந்த சுகன்யாவுக்கு வலது கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. ஓடிவந்த ஓனர் வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெண்கள் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "கடைக்கு எடுத்துனு போடான்னு தலபாடா அடிச்சிக்கினேன். இவன் வூட்ல நூலக் கட்டி நோண்டி வெச்சிருக்கான்!"

நூல் கட்டியது பொய்யில்லையே. முழுப் பொய்யாக இருந்தால் தணிகைவேல் முகத்துக்கு நேரே மறுத்திருப்பான்.

டயரை மாற்றி வேன் மறுபடி ஓடியது. ஆனால் அன்றோடு வேனில் பேச்சு நின்றது. முன்பெல்லாம் பெண்கள் போனில் பாட்டு வைப்பார்கள், தூங்குகிறவளின் ஜடையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுச் சிரிப்பார்கள். இப்போது ஒருத்தி மடிமேல் ஒருத்தியாகப் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிரைவர் பக்கத்து சீட் மட்டும் காலியாகவே போய்வந்தது. அந்தக் காலி சீட்டைப் பார்க்காமல் ஓட்டப் பழகுவதுதான் அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

நேற்று ஓனர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் டைப் அடித்த தாள் ஒன்று இருந்தது.

"கம்பெனில கேக்குறாங்க. தப்பு உன்னுதுன்னு கையெழுத்துப் போடு. வேலை இருக்கும்."

"நீங்கதான ஓனர் கடை வேணான்னு சொன்னீங்க?"

"அதுக்கு சாட்சி யாரு? நாளைக்கு ஒண்ணு கையெழுத்து, இல்லாட்டி வண்டி சாவி. எது வருதுன்னு பாக்குறேன்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். இன்றைக்கும் இருட்டோடு நூல் கட்டிப் பார்த்தால் சக்கரம் நேர். தினமும் நேர்தான். ஆட்கள் ஏறியதும் இடப்பக்கம் இழுக்கிறது. வீட்டில் எலி, வெளியில் புலி என்பார்களே, அது இந்த வேன்தான். நம் கைவேலையில்தான் ஏதோ கோளாறு, கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பேனாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கடைசி நிறுத்தம் நெல் காயவைக்கும் சிமெண்ட் களம். எதிரில்தான் சுகன்யாவின் வீடு. அங்கே வந்து சேர்வதற்குள் ஸ்டீயரிங் அவன் தோளைப் பிடுங்கிவிட்டது.

"கொஞ்சம் எறங்குங்க. ஒரு தடவ பாத்துடறேன்."

முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். சமதளமான களத்தில் மறுபடி நூல் கட்டினான். நேர்தான்! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நேராத்தான் இருக்குது" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னான்.

சகாயராணி பதினைந்து நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள். கம்பெனியில் எடைபோடும் பகுதியில் இருப்பவள். "காலியா இருக்கச்சொல்ல நேரா இருந்து இன்னா பிரயோசனம்? எங்க தராச காலியா வெச்சா செக் பண்றாங்க? எடைக்கல்ல வெச்சு இல்ல பாப்பாங்க? ஏய், எல்லாம் ஏறுங்கடி!"

இருபத்தொரு பேரும் ஏறினார்கள். வேன் முனகிக்கொண்டு கீழே அமுங்கியது. இத்தனை நாள் இவர்களை ஏற்றிக்கொண்டு ஓடியவனுக்கு, இவர்களையும் சேர்த்துத்தான் வண்டி என்பது தோன்றவே இல்லை.

நூலின் மறுமுனையைக் கட்டக் கல் தேடினான்.

"இங்க குடுண்ணா." மாவுக்கட்டோடு சுகன்யா நின்றிருந்தாள். இடது கையை நீட்டினாள். "இந்தக் கை சும்மாதான இருக்குது."

அவளை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை. நூலைக் கொடுத்துவிட்டுக் குனிந்தான். டயரின் முன்விளிம்புக்கும் நூலுக்கும் நடுவே அவன் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது.

"இது நூலால சரியாவாதும்மா. உள்ள பார்ட் தேஞ்சிருக்குது. கடையில மாத்தணும். இத்தினி பேர ஏத்தவும் கூடாது. கடை வேணான்னதே ஓனர்தான்." தாளை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினான். சகாயராணி சத்தமாகப் படித்தாள்.

"ஏண்ணா இத்தினி நாளா சொல்லல?" என்றாள் சுகன்யா.

"யாரும் பக்கத்துல வந்து உக்காரலயேம்மா."

அதற்குள், வேன் வரவில்லை என்று கம்பெனியிலிருந்து போன் போய் ஓனரே வந்துவிட்டார்.

"இன்னா கூத்து இது? ஷிஃப்ட் போச்சு! அரை நாள் கூலி கட் உங்களுக்கு."

"போவட்டும்" என்றாள் சகாயராணி. "வண்டி கடைக்குப் போய் வரட்டும். பன்னெண்டு பேர் ஏறுறோம். மீதிப் பேருக்கு வேற வண்டி அனுப்பு."

"வேற டிரைவரப் போடுறேன், பாக்குறியா?"

"யார வேணாப் போடு. ஏற ஆள் வேணுமில்ல?"

ஓனர் தணிகைவேலின் பக்கம் கையை நீட்டினார். தணிகைவேல் சாவியைக் கொடுத்தான். பேனா பையிலேயே இருந்தது. ஓனர் விடுவிடுவென்று டிரைவர் சீட்டில் ஏறி வண்டியைக் கிளப்பினார். பின்கதவு திறந்தது. ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக இருபத்தொரு பேரும் இறங்கிக் களத்தில் நின்றார்கள். காலி வேன் உறுமிக்கொண்டிருந்தது.

பாகூர்ப் பக்கமிருந்து வந்த வீரப்பனின் வேன் ஓரங்கட்டி நின்றது. அதுவும் ஓனருடையதுதான். வீரப்பன் விஷயத்தைக் கேட்டான், நூலைப் பார்த்தான், உள்ளே உட்கார்ந்திருந்த ஓனரையும் பார்த்தான்.

"எனக்கும் அப்டித்தான் சொன்னாரு, வூட்லயே பாத்துக்கன்னு. எங்க வேணாலும் வந்து சொல்றேன். என் வண்டியும்தான் இழுக்குது. ஆளு நெறைய இருக்கு, யாரும் எறங்கலை. அந்த நூல இப்டிக் கொண்டாப்பா."

வேலை போயிற்று. நாளைக்கு என்ன என்று தணிகைவேலுக்குத் தெரியவில்லை. கோணிகூட இல்லாமல் வெறுந்தரையில் படுத்து வீரப்பனின் வேனுக்கு அடியில் நுழைந்தான்.

"புடிச்சிருக்கியாம்மா?" என்று கேட்டான்.

"புடிச்சிருக்கேண்ணா" என்றது சுகன்யாவின் குரல்.