என் பின்னந்தலைக்குச் சொந்தக்காரி

என் பின்னந்தலையை இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். முகத்தைத்தான் யாருக்கும் தெரியாது.

சித்தி, வீட்டின் முன்னறையில் அழகு நிலையம் நடத்துகிறாள். இரண்டு சுழல் நாற்காலிகள், தலை அலச ஒரு தொட்டி, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் அங்கேதான் இருக்கிறேன். துண்டு துவைப்பேன், முடி பெருக்குவேன், கொண்டை ஊசி எடுத்துக் கொடுப்பேன். சித்திக்குப் புதுப் பின்னல் ஏதாவது தோன்றினால் முதலில் அகப்படுவது என் தலைதான். பின்னி முடித்ததும் போனில் படம் எடுத்து, இணையத்தில் கடைக்கென்று வைத்திருக்கும் பக்கத்தில் போடுவாள். அதைப் பார்த்துத்தான் கல்யாணப் பெண்கள் தேடி வருவார்கள்.

"முகம் மட்டும் வேண்டாம் சித்தி" என்பது நான் போட்ட ஒரே நிபந்தனை. யாராவது என்னை உற்றுப் பார்த்தாலே எனக்குக் காது சூடாகிவிடும்.

ஒருநாள் புருவம் திருத்த வந்த டீச்சர், நாற்காலியில் சாய்ந்தபடியே என்னைக் கேட்டார்.

"ஏம்மா, நீ பெரிய கடையிலயும் வேலை பாக்குறியா?"

இல்லையென்று தலையாட்டினேன். அவர் போனை நீட்டினார். அடுத்த தெருவில் புதிதாக வந்திருக்கும் பெரிய அழகு நிலையத்தின் பக்கம். அந்தக் கடையில் திரும்பின பக்கமெல்லாம் கண்ணாடி என்பதால் அதன் முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் கண்ணாடியக்கா. பக்கம் முழுக்க என் பின்னந்தலை. ஒவ்வொன்றின் கீழும் 'எங்கள் கடையின் கைவண்ணம்' என்று எழுதியிருந்தது.

சித்தி போனைப் பிடுங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கூடைப் பின்னல்! உன் தலையைப் பிச்சுப் பிச்சு நான் கண்டுபிடிச்சதுடி இது! ஐயோ, உன் சட்டைக் கழுத்துல இருக்கிற லேபிள் கூட வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது பாரு. திருடுறவ அதை உள்ள தள்ளிட்டாவது திருடக் கூடாதா? மானம் போகுது!"

அன்று மாலை சித்தப்பா பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவர் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். ஒயர் உள்ள பொருள் எதுவானாலும் தனக்கு அடங்கும் என்று நம்புகிறவர்.

"இதெல்லாம் ஒரு விஷயமா? படத்து மேல நம்ம கடைப் பேரை எழுதிட்டா முடிஞ்சது. எவ எடுப்பா?"

எல்லாப் படங்களின் மேலும் சாய்வாக, சிவப்பாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கடைப் பெயரை எழுதினார். எழுத்து இருந்தது, பின்னலைத்தான் காணவில்லை. மறுநாள் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "இதே மாதிரி வேணும், அந்தச் சிவப்பு ரிப்பனோட" என்றார். இன்னொருவர் குறுக்கே ஓடும் சிவப்பைப் பார்த்துவிட்டுப் போன் செய்து, கடையை மூடிவிட்டீர்களா என்று துக்கம் விசாரித்தார்.

"ஏங்க, பாதுகாக்கச் சொன்னா புதைச்சுட்டீங்களே" என்றாள் சித்தி.

சித்தப்பா எழுத்தைச் சின்னதாக்கி ஓரத்துக்குத் தள்ளினார். கண்ணாடியக்கா ஓரத்தை நறுக்கிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால்கூட நாங்கள் திட்டித் தீர்த்துவிட்டுச் சும்மா இருந்திருப்போம். ஒரு காலையில் எங்கள் பக்கமே திறக்கவில்லை. இணையத்தில் அந்தப் பக்கத்துக்கு இடம் தந்திருக்கும் நிறுவனத்திடமிருந்து ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது. எங்கள் படங்கள் வேறொரு கடைக்குச் சொந்தம் என்று புகார் வந்திருக்கிறதாம். எங்களுடையதுதான் என்றால் ஆதாரம் அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் பக்கத்தை அடியோடு எடுத்துவிடுவார்களாம்.

"திருடினவளே போய்ப் புகார் குடுத்திருக்காளா!" சித்தி சீப்பை மேசையில் எறிந்தாள். "இந்த வாரந்தான் கல்யாண மண்டபத்து மேனேஜர் நம்ம பக்கத்தைப் பாத்து முடிவு சொல்றேன்னார். அங்க நடக்குற கல்யாணமெல்லாம் நமக்குக் கிடைக்க இருந்துது. இப்ப தொறந்து பாத்தா என்ன இருக்கும்? வெறும் வெள்ளை!"

"ஆதாரந்தானே? முதல்ல எடுத்த சுத்தமான படத்தை அனுப்பிட்டாப் போச்சு. அது நம்மகிட்டதானே இருக்கும்" என்றேன்.

சித்தப்பா சன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஏங்க?"

"போன்ல இடமே இல்லன்னு சொன்னே இல்ல... பேர் எழுதினது இருக்கேன்னு... எழுதாததை எல்லாம் அழிச்சுட்டேன்."

சித்தி கத்துவாள் என்று காத்திருந்தோம். அவளோ வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"சித்தி, படந்தானே போச்சு. தலை இங்கதானே இருக்கு?"

"என்னடி சொல்றே?"

"கூடைப் பின்னலை மறுபடியும் பின்னுங்க. முதல்லேருந்து கடைசி வரைக்கும் வீடியோ எடுக்கலாம். ஊசியை நீங்க எப்படிக் குத்துறீங்கன்னு தெரியட்டும். கடைசியில..." கண்ணாடியில் என் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். "கடைசியில நான் திரும்பறேன். தலை யாருதுன்னு அவங்களே பாத்துக்கட்டும்."

"வேண்டாம் கண்ணு. உனக்குப் பிடிக்காததை எதுக்குப் பண்ணிக்கிட்டு. வேற வழி பாக்கலாம்."

"வேற வழி என்னன்னு சொல்லுங்க, பாக்கலாம்."

சித்தி எழுந்து சீப்பை எடுத்தாள்.

கடைக் கதவைச் சாத்தினோம். சித்தப்பா ஸ்டூல் மேல் ஏறி நின்று போனைப் பிடித்தார். சித்தி நாலு ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, என் முடியை வகிடு வகிடாகப் பிரித்தாள். அவள் இடது கைக்காரி. அதனால் கூடைப் பின்னல் மற்றவர்கள் பின்னுகிற திசைக்கு நேர் எதிராகச் சுற்றிக்கொண்டு போகும். பின்னி முடித்து அவள் என் தோளைத் தட்டினாள். நான் திரும்பினேன்.

"கண்ணைத் தொறடி! தூங்குற பொண்ணுன்னு நெனச்சுக்கப் போறாங்க."

எல்லாவற்றையும் அவிழ்த்து இன்னொரு தடவை பின்னினோம். இந்த முறை நான் கண்ணைத் திறந்துகொண்டு திரும்பினேன். ஓட்டிப் பார்த்தால், கடைசியில் சித்தப்பாவின் கட்டைவிரல் மட்டும் திரை நிறையத் தெரிந்தது.

"ஆதாரமா உங்க விரலை அனுப்பவா?" என்றாள் சித்தி. "ரேகை பாத்து பலன் சொல்லட்டும்."

மூன்றாவது தடவை என் மண்டையெல்லாம் எரிந்தது. காது சூடாகிறதா என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. சித்தி தோளைத் தட்டினாள். மெதுவாகத் திரும்பி, போனை நேராகப் பார்த்து, "இது என் தலை. பின்னினது எங்க சித்தி" என்றேன். எழுதி வைத்துப் பேசியதில்லை, தானாக வந்தது. சித்தப்பா அழுதுவிடுவார் போலிருந்தது.

அனுப்பிவிட்டு இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் பதில் வந்தது. எங்கள் பக்கம் திறந்துவிட்டது. கண்ணாடியக்காவின் பக்கத்தில் என் தலை ஒன்றுகூட மிஞ்சவில்லை. மண்டபத்து மேனேஜரும் அந்த வாரமே கூப்பிட்டுச் சரியென்று சொல்லிவிட்டார். சித்தி அந்தச் செய்தியைத் தெருவில் போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் கார் வந்து நின்றது. கண்ணாடியக்கா இறங்கினாள். பின்னாலேயே, தலைக்குக் குளித்து ஈரம் காயாத ஒரு கல்யாணப் பெண்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றாள் கண்ணாடியக்கா, உள்ளே வராமலே. "இந்தப் பொண்ணு அந்தப் பின்னலைப் பாத்துத்தான் எங்கிட்ட வந்துது. விடிஞ்சதுலேருந்து மூணு பேர் முயற்சி பண்ணிட்டோம். எந்தப் பக்கம் சுத்துறதுன்னே தெரியல."

"படம் எடுக்கத் தெரிஞ்சுது, பின்னத் தெரியலையா?" என்றாள் சித்தி. கல்யாணப் பெண் அழப் போவதைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "நீ என்னம்மா பண்ணுவே. வா, உக்காரு. உன் கல்யாணத்துக்கு நான் பின்னுறேன். ஆனா படம் எங்க பக்கத்துல மட்டுந்தான் வரும். சம்மதமா?"

"சம்மதம் ஆன்ட்டி. சீக்கிரம் மட்டும் பண்ணுங்க."

சித்தி ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று முடியைப் பிரித்துக் கொடுத்தேன். சும்மா நின்றுகொண்டிருந்த கண்ணாடியக்கா என்னையே பார்த்தாள்.

"நீதானா அது? முகம் நல்லாத்தானே இருக்கு. ஏன் இத்தனை நாளா காட்டவே இல்ல?"

"காட்டியிருந்தா அதையும் எடுத்துக்கிட்டுப் போயிருப்பீங்களே அக்கா."

சித்தி வாயிலிருந்த ஊசி நாலும் தரையில் விழுந்தன. கண்ணாடியக்காவே சிரித்துவிட்டாள். கல்யாணப் பெண் சிரித்ததில் பின்னல் பாதி அவிழ்ந்துபோய், சித்தி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.