ராட்செட் அண்ணனுக்கு, சாக்கெட் தம்பிக்கு

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கயல்விழிக்குப் பழைய ஸ்பேனர்கள் மேல் ஒரு பைத்தியம் உண்டு. மெஷின் மக்கர் செய்தால் ஆள் வரக் காத்திருக்க முடியாமல் தானே கழற்றிப் பார்க்க ஆரம்பித்தவள், அதற்காகக் காயலான் கடையில் ஒரு ராட்செட் வாங்கினாள். முன்னும் பின்னும் ஆட்டினாலே நட்டைத் திருப்பிவிடும் கைப்பிடி அது. டீசலில் ஊறப்போட்டுத் தேய்த்தபோது துருவுக்கு அடியிலிருந்து ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரின் பெயர் எழுத்தெழுத்தாக எழுந்து வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

ஞாயிற்றுக்கிழமையானால் கடலூர் பழைய டவுனான ஓ.டி., நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று பழைய இரும்புக் கடைகளில் போய் நிற்பாள். கொண்டுவந்ததைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பாள், பூதக்கண்ணாடி வைத்து எழுத்தைப் படிப்பாள், எந்த நாட்டுச் சாமான், எந்தக் காலத்துச் சாமான் என்று கண்டுபிடிக்கும்வரை விடமாட்டாள். இதே பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதில் பெண் அவள் ஒருத்திதான். வீட்டில் கண்ணாடி பீரோவில் பட்டுப்புடவை இருக்க வேண்டிய தட்டில் நட்டைக் கவ்வ ராட்செட்டின் தலையில் மாட்டும் சாக்கெட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவள் கணவன் செந்தமிழ்செல்வன் கடலூர் - சிதம்பரம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டுகிறவன். முதலில் சிரித்தான், பிறகு அவனே உளவு சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"சிதம்பரத்துல பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒரு பஞ்சர் கடை இருக்குது. அங்க கம்ப்ரஸருக்கு முட்டுக் குடுத்து ஒரு பச்ச டப்பா கெடக்குது. உன் சாமான் மாதிரி தெரியுது. போய்ப் பாரு" என்றான் ஒருநாள்.

அடுத்த ஞாயிறு அவன் பஸ்ஸிலேயே போனாள். பஞ்சர் கடைக்காரர் பொன்னுரங்கத்துக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு சைக்கிள் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். டப்பாவைப் பார்க்கலாமா என்று கேட்டதும் ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுல என்னாம்மா இருக்குது, பழைய இரும்பு."

"பழைய இரும்புதாண்ணே வேணும்."

கம்ப்ரஸருக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு டப்பாவை உருவித் தந்தார். மூடியில் எழுதியிருந்ததையெல்லாம் துரு தின்றிருந்தது. திறந்தால் உள்ளே ஒரு மரப்பலகை, அதில் குடைந்த குழிகள், குழிக்கு ஒன்றாகச் சாக்கெட்டுகள். ஒன்றுகூடக் குறையவில்லை. ஓரத்தில் நீளமாகக் குடைந்த ஒரு குழி மட்டும் காலி.

"ராட்செட் எங்கண்ணே?"

பொன்னுரங்கம் டியூபைத் திரும்பவும் தண்ணீரில் அழுத்தினார். "அது எங்கிட்ட இல்ல. எங்க அண்ணங்கிட்ட இருக்குது. தேவனாம்பட்டினம். எங்கப்பா மீன்புடி போட்டுங்களுக்கு என்ஜின் மெக்கானிக்கு. அவரு போனப்புறம் எல்லாத்தையும் பிரிச்சாச்சு, இது ஒண்ணுதான் ரெண்டு பேருக்கும் விட்டுக்குடுக்க மனசு வரல. ஊருல ஒக்காந்து பேசுனாங்க. ராட்செட் அண்ணனுக்கு, சாக்கெட் தம்பிக்குன்னு தீத்துட்டாங்க."

"அப்படிப் பிரிச்சா ரெண்டு பேருக்குமே உபயோகமில்லையே?"

"அதான் வேணும்னு இருந்துச்சு அன்னிக்கு" என்றார். "ஏதோ பாத்துக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போம்மா. அண்ணன்கிட்ட போனீன்னா எம் பேர மட்டும் சொல்லாத."

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அவள் வேறு எதையும் தொடவில்லை. தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு சாக்கெட்டின் விலாவிலும் முக்கோணமாகக் குத்திய மூன்று புள்ளிகள் தெரிந்தன. பல பேர் வேலை செய்கிற இடத்தில் தன் சாமான் அடுத்தவன் பையில் கலந்துவிடாமல் இருக்க மெக்கானிக்குகள் இப்படி ஓர் அடையாளம் குத்திக்கொள்வார்கள். அதற்கு மேலே சின்னதாக அளவு எண். அந்த எண் ஒன்று, வாயை அளந்தால் வருவது வேறு. புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் இதைப் பார்த்துக் குழம்பிப் போவார்கள். பழைய ஆங்கில முறையில் எண் என்பது போல்ட்டின் தடிமன், நட்டின் அகலமல்ல என்பது கயல்விழிக்குத் தெரியும். அவளையே குழப்பியது பின்பக்கத்துச் சதுர ஓட்டைதான். அரை அங்குல ராட்செட்டைப் போட்டால் தொளதொளவென்று ஆடியது. முக்கால் அங்குலம் வாயிலேயே நுழையவில்லை. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து, படம் எடுத்து குரூப்பில் போட்டாள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பதில் போட்டார்: இங்கிலாந்துச் சாமான், இந்த அளவுச் சதுரத்தை அப்புறம் யாரும் செய்யவில்லை, இதற்கு இதனுடைய ராட்செட் மட்டும்தான் சேரும், கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

விட்டுவிட அவளுக்கும் மனமில்லை. ஒரு சாக்கெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் தேவனாம்பட்டினம் போனாள்.

பூவராகன் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. குட்டையான ஆள், நரைத்த தாடி, வாசலில் வலையைப் பரப்பி அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார். பழைய சாமான் சேர்க்கிறேன், உங்களிடம் ஒரு ராட்செட் இருப்பதாகச் சொன்னார்கள் என்று கயல்விழி தொடங்கினாள்.

"யாரு சொன்னது?"

அவள் கைப்பையிலிருந்து சாக்கெட்டை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். பெருவிரல் தானாகப் போய் மூன்று புள்ளிகளைத் தடவியது. எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு துணிச்சுருள். பிரித்தால் கிரீஸ் பூசிய ராட்செட், ஒரு பொட்டுத் துரு இல்லை. சாக்கெட்டை அதன் தலையில் வைத்து அழுத்தினார். 'டக்'கென்று உட்கார்ந்தது. மணிக்கட்டை ஆட்டினார். கரகரவென்று அந்தப் பல்லோசை கேட்டதும் வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி வேலம்மாள் ஈரக்கையோடு வெளியே வந்துவிட்டாள்.

"மிச்சம் எங்க இருக்குது?" என்று கேட்டார் பூவராகன்.

"எங்கிட்டதாண்ணே. எல்லாமே இருக்கு."

"வித்துட்டானா?"

கயல்விழிக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. ஆமாம் என்று தலையாட்டினாள். பூவராகன் சாக்கெட்டைக் கழற்றி அவள் கையில் வைத்தார். வலையைச் சுருட்டாமலே, ராட்செட்டோடு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார்.

வேலம்மாள்தான் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதம்மா. சுனாமி அலை வந்துட்டுப் போச்சு பாரு, அப்ப இந்த டப்பா வீட்டோட போயிடுச்சு. எங்க மாமனாரு சாப்பாடு தண்ணி இல்லாம ஒக்காந்துட்டாரு. இவுங்க ரெண்டு பேருந்தான் மண்ணத் தோண்டி, சல்லடையில சலிச்சு, ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்தாங்க. டப்பா ஒரு எடத்துல, சாமான் ஒரு எடத்துல. கடைசி சாக்கெட்டு கெடச்சப்ப ரெண்டு பேரும் கத்துன கத்து ஊருக்கே கேட்டுச்சு. அத வித்துட்டான்னா இவருக்கு எப்புடி இருக்கும், சொல்லு."

திரும்பும்போது ஆட்டோவில் கயல்விழிக்கு ஒரே யோசனை. அரைகுறையாக இருந்த செட்டை முழுசாக்கப் போய், அறுந்து கிடந்த உறவில் இன்னொரு கண்ணியையும் அறுத்துவிட்டோமே என்றிருந்தது. அதே சமயம் அந்தக் கரகர ஓசையும் காதைவிட்டுப் போகவில்லை. அதன் மேல் இருந்த ஆசையையும் அவளால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் கடையில் வக்கீல் குமாஸ்தாக்கள் கட்டுக் கட்டாகப் பேப்பரை நீட்டிக்கொண்டிருந்தபோது பொன்னுரங்கத்தின் போன் வந்தது.

"என்னாம்மா நீ! பேர சொல்லாதன்னேனே. காலையிலேயே வந்து நிக்கிறான். நடுரோட்டுல, பஸ் ஸ்டாண்டு ஜனமே பாக்குது. அப்பாவ வித்துட்டியாடான்றான். நான் சும்மா இருப்பனா? அப்பா என்ஜின உன் ஊட்டுப் பின்னாடி போட்டு மண்ணாக்குறியே, அது மட்டும் என்னாவாம்னு கேட்டேன்."

"நான் சொல்லலண்ணே, அவரே கண்டுபிடிச்சுட்டாரு. மன்னிச்சுக்குங்க."

"அண்ணன் எளச்சுப் போயிட்டான்ம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சாயங்காலம் வேலம்மாள் போனில் பேசினாள். அவள் குரலில் வருத்தத்தைவிட வேறெதோதான் இருந்தது. "நல்லா சண்ட போட்டுட்டு வந்திருக்காரு. எத்தினி வருசமாச்சு ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்து! கல்யாணம் காரியத்துலகூட ஒருத்தர் வந்தா ஒருத்தர் போயிடுவாங்க. திட்டிக்கிட்டாலும் பேசிக்கிட்டாங்க இல்ல?"

அன்றைக்கே கயல்விழி செந்தமிழ்செல்வனிடம் சொன்னாள், டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று. அவன் பீரோவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "யாருகிட்ட குடுப்ப?" என்று கேட்டான். அது அவளுக்கும் தெரியவில்லை. பொன்னுரங்கம் வேண்டாமென்று விற்றவர். ஆனால் பொருள் அவர் பங்கு. கடைசியில் தேவனாம்பட்டினத்துக்கே எடுத்துப் போனாள்.

பூவராகன் டப்பாவைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். ஒரு சாக்கெட்டை எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தார்.

"வெச்சுக்குங்கண்ணே" என்றாள்.

"அது எப்புடிம்மா? இது தம்பி பங்கு. ஊரு பேசி வெச்சது. அவன் பங்க நான் வாங்கிட்டேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

"அப்ப அவருகிட்டயே குடுத்துடட்டுமா?"

"அவங்கிட்ட குடுத்தா திரும்ப முட்டுக் குடுப்பான்." உள்ளே போய்த் துணிச்சுருளை எடுத்து வந்தார். ராட்செட்டை அந்த நீளக் குழியில் வைத்தார். பிசகாமல் பொருந்தியது. மூடியைச் சாத்தி டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். "உங்கிட்டயே இருக்கட்டும். பிரிக்காத, விக்காத. அவன் வந்து கேட்டான்னா குடு. நான் வந்து கேட்டன்னா குடு. வேல முடிஞ்சா உங்கிட்டயே வந்துடும்."

ஆசைப்பட்ட பொருள் முழுசாகக் கையில் இருந்தது, ஆனால் தன்னுடையது இல்லை. கயல்விழிக்குச் சிரிப்பு வந்தது. குரூப்பில் படம் போட்டாள். கோயம்புத்தூர்க்காரர், நூறு பேரிடம் தேடினாலும் கிடைக்காத செட், அதிர்ஷ்டக்காரி நீங்கள் என்று எழுதினார். அவள் பதிலுக்கு ஒரு கும்பிடு மட்டும் போட்டாள்.

முதலில் கேட்டு வந்தவர் பொன்னுரங்கம். புரட்டாசி பிறந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த சட்டையோடு அவள் வீட்டு வாசலில் நின்றார்.

"அந்த டப்பாவக் குடும்மா, ஒரு வேல இருக்குது. அப்பா என்ஜின ஓட்டிக் காட்டுறேன்னு அன்னிக்குச் சண்டையில சவால் உட்டுட்டேன். வந்து கழட்டுடா பாக்கலாம்னு அண்ணிகிட்ட சொல்லி அனுப்பியிருக்கான்." கொஞ்சம் தயங்கினார். "நீயும் கூட வர்றியா? தனியாப் போவ ஒரு மாதிரி இருக்குது."

போனாள். வீட்டுப் பின்பக்கம், முருங்கை மரத்தடியில், தார்ப்பாயைப் போர்த்தி அந்த டீசல் என்ஜின் கிடந்தது. பூவராகன் ஏற்கெனவே தார்ப்பாயை விலக்கிவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தம்பி வந்ததைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை. "டீ போடச் சொல்லு" என்று வேலம்மாளிடம் சொல்வதுபோல் காற்றிடம் சொன்னார்.

பொன்னுரங்கம் உட்கார்ந்து தலைப்பகுதியின் நட்டுகளைத் துடைத்தார். மற்ற எந்த ஸ்பேனரும் கவ்வாத அந்தப் பழைய அளவு. டப்பாவிலிருந்து ஒரு சாக்கெட்டை எடுத்து வைத்தார், பெரிதாக இருந்தது. அடுத்ததை எடுப்பதற்குள் பூவராகன், "அது இல்ல, நாலாவது" என்றார். நாலாவதுதான் பொருந்தியது. ராட்செட்டை மாட்டி இழுத்தார். நட்டு அசையவில்லை.

"காய வையி. நெருப்புக் காட்டுனாத்தான் எளகும்" என்றார் பூவராகன்.

"காட்டுனா வெடிச்சுப் போவும். வார்ப்பு இரும்பு. அப்பா காட்டவே மாட்டாரு."

"அப்பா காட்டுவாரு. உனக்குத் தெரியாது, நீ அப்ப சிதம்பரத்துல இருந்த."

"சிதம்பரத்துக்கு எதுக்குப் போனேன்னு சொல்லட்டுமா?"

குரல்கள் ஏறின. வேலம்மாள் டீ டம்ளர்களோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கயல்விழி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு என்ஜினுக்கு அருகே போனாள். ராட்செட்டின் நுனியை இரண்டு கையாலும் பற்றி, ஒரு காலை அடிப்பலகையில் உதைத்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு தரம் இழுத்தாள். தேங்காய் உடைவதுபோல ஒரு சத்தம். கைப்பிடி சட்டென்று அவள் பக்கம் வந்து, பின்னால் விழப் பார்த்தாள். பொன்னுரங்கம் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நட்டு அரைச்சுற்று நகர்ந்திருந்தது. அடியிலிருந்து சிவப்பாகத் துருப்பொடி கொட்டியது.

"அண்ணே, டீசல் ஊத்து, டீசல் ஊத்து, இப்பத்தான் எறங்கும்" என்று பதறினார் பொன்னுரங்கம். பூவராகன் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து, கேனை எடுத்து நட்டின் வேரில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். இரண்டு தலைகளும் அந்த ஒரு நட்டுக்கு மேலே குனிந்திருந்தன.

என்ஜின் அன்றைக்கு ஓடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் ஓடவில்லை. உள்ளே பிஸ்டன் உறைந்து போயிருந்தது. அதை டீசலில் ஊறப்போட வேண்டும், அதற்குப் புது வளையம் தேட வேண்டும், சிதம்பரத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டும் என்று வேலை நீண்டுகொண்டே போனது. பொன்னுரங்கம் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார், பெரும்பாலும் செந்தமிழ்செல்வனின் பஸ்ஸில். காலையில் டப்பாவை வாங்கிப் போவார், பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து கொடுப்பார். சில நாள் டப்பாவோடு சேர்த்து வேலம்மாள் கொடுத்தனுப்பிய சங்கரா மீனும் வரும். கயல்விழி மீனைக் குழம்புக்கு அலசி வைத்துவிட்டு, சாக்கெட்டுகளைத் துடைத்து அதனதன் குழியில் வைப்பாள். இரண்டு பேரும் இன்னமும் சண்டை போடுகிறார்களா என்று செந்தமிழ்செல்வன் கேட்பான்.

"போடுறாங்க" என்பாள். "இப்ப வளையத்தப் பத்தி."